டிக்கியில் உருண்ட தேங்காய்: ஜீப்பில் யாழ்ப்பாணம் போய் வந்த கதை

புறப்படுவதற்கு முதல் நாள், கொழும்பு வெள்ளவத்தை

ஆடிப்பிறப்புக்குச் சாவகச்சேரியில் நிற்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். போன வருடம் சின்னக் காரில் போனபோது மதவாச்சியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, "இனி ரயில்தான்" என்று சபதம் போட்டவர் இவர்தான். அதற்குப் பிறகுதான் இந்த நிசான் எக்ஸ்-ட்ரெயிலை வாங்கினேன். ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்து, இரண்டு பேரிடம் இருந்துவிட்டு என்னிடம் வந்த வண்டி. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளுக்கு ஏறிய விலையைத் தெரிந்தவர்கள், நான் என்ன கொடுத்தேன் என்று கேட்க மாட்டார்கள். கொஞ்சம் உயரமாக நின்றால் எங்கள் நாட்டில் எல்லாமே ஜீப். ஆகவே வீட்டில் இதுவும் ஜீப்தான்.

அம்மாவுக்கு 74 வயது. சின்னக் காரில் ஏறுவது அவருக்குக் கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி. ஜீப்பில் இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. பின்புறத்தை வைத்துவிட்டுத் திரும்பினால் போதும். ஆனால் காலை எடுத்து வைக்க உயரம். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, சமையலறையில் தேங்காய் துருவ உட்காரும் மணைக்கட்டை. அம்மா ஏறியதும் அதை டிக்கியில் போட வேண்டும், இறங்கும்போது ஓடிப்போய் எடுத்து வைக்க வேண்டும். அந்த வேலை மகளுக்கு.

இன்று பின்னேரம் ரயர் கடைக்குப் போனேன். "தூரப் பயணம் என்றால் காற்றைக் கூட்டி அடிக்கிறேன் ஐயா, ஆட்களும் கூடத்தானே" என்றார் அங்கிருந்த பொடியன். அக்கறையாகச் சொன்னதால் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பஞ்சிகாவத்தையில் வைப்பர் வாங்கப் போனபோது ஆசைப்பட்டு வாங்கிய காற்று அளக்கும் கருவி ஒன்று முன்பெட்டியில் கிடக்கிறது. அதை எடுத்துப் பார்க்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முறிகண்டிப் பிள்ளையாருக்கு உடைக்க ஒரு தேங்காயை அம்மா எடுத்து வைத்திருக்கிறார். குடுமி வைத்த நல்ல தேங்காய். "அங்க வாங்கினா விலை" என்பது அவர் கணக்கு.

முதலாம் நாள்: கொழும்பு – அநுராதபுரம்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். சாவியைத் திருப்பியதும் வழக்கம்போல ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது. ஜப்பான் நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று அறிவிக்கிறதாம். இங்கே பாதி வண்டிகளில் இந்தப் பிள்ளை இருக்கிறாள். அம்மா ஒவ்வொரு முறையும் "ஓம் பிள்ளை" என்று பதில் சொல்வார்.

காலி வீதியில் ஊர்ந்து, பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையில் ஏறும்வரை சொல்ல ஒன்றுமில்லை. 2013இல் திறந்த அந்த 25.8 கிலோமீற்றரில் வண்டி பட்டுப்போல ஓடியது. ஸ்டியரிங் இரண்டு விரலுக்கு அடங்கியது. பாலங்களின் இணைப்பில் மட்டும் டக், டக் என்று ஒரு சத்தம். அட, இதற்குத்தான் இவ்வளவு காசு கொடுத்தோமா என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, அவளுக்கு மாதத் தவணை ஞாபகம் வந்திருக்கும்.

நீர்கொழும்பு தாண்டிப் புத்தளம் வீதியில் ஏறிய பிறகுதான் குணம் தெரிந்தது. மேலுக்கு நல்ல வீதிதான். ஆனால் மதகு வரும் இடங்களில் மெல்லிய மேடு, ஒட்டுப்போட்ட இடங்களில் சின்ன அலை. ஒவ்வொன்றிலும் ஜீப் துள்ளியது. துள்ளி இறங்கும்போது மூக்கு ஓர் அங்குலம் விலகும், நான் திருத்துவேன், அடுத்த மேட்டில் மறுபக்கம் விலகும். பெரிய ஆட்டம் ஒன்றுமில்லை, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாத அளவுதான். ஆனால் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை நூறு தடவை திருத்தியிருப்பேனோ, சிலாபம் வரும்போது தோள்மூட்டு இரண்டும் காதுக்கு ஏறியிருந்தன.

எனக்கு அதைச் சொல்லித் தந்தது தேங்காய். அதை ஒரு பையில் போட மறந்துவிட்டேன். டிக்கியில் தன்பாட்டில் கிடந்தது. மதகில் ஏறினால் 'டொக்' என்று குதிக்கும். வளைவில் 'கடகட' என்று மற்றப் பக்கம் போகும். பஸ்ஸை முந்த அக்சிலரேட்டரை அமத்தினால் பின்கதவில் முட்டும். முந்திவிட்டு பிரேக் பிடித்தால் மணைக்கட்டையில் வந்து மோதும். வண்டி எப்படி ஆடுகிறது என்பதை அதைவிடத் துல்லியமாகச் சொல்ல ஒரு கருவி இல்லை. மகள் எண்ணத் தொடங்கிவிட்டாள்.

முனீஸ்வரம் திரும்பும் இடம் தாண்டியதும், வயிற்றைப் புரட்டுகிறது என்று அம்மா மணக்கத் தேசிக்காய் (எலுமிச்சை) கேட்டார். பாலாவிக்கு முன்னால் "தம்பி, ஓரமா நிப்பாட்டு" என்றார். நிப்பாட்டினேன். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ஓரத்தில் நின்று யோசித்தேன். வயிற்றைக் கலக்குவது சின்னச் சின்ன அதிர்வு இல்லை. ஆறேழு விநாடிக்கு ஒரு தடவை, ஐந்து விநாடிக்கு ஒரு தடவை என்று வரும் மெதுவான ஆட்டம்தான். வள்ளத்தில் போகிறவர்களுக்குத் தலை சுற்றுவதும் அதனால்தான். அந்த மெதுவான ஆட்டத்தை வண்டிக்குக் கொடுத்தது யார்? என் வலது கால். முன்னால் போகிற லொறியைப் பிடி, முந்து, பிரேக், அடுத்த லொறியைப் பிடி. அரை மணித்தியாலம் இப்படி முந்தி நான் மிச்சம் பிடித்த நேரம் முழுவதும் பாலாவியில் அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில் போய்விட்டது.

புத்தளத்திலிருந்து மணிக்கு 65 கிலோமீற்றரில் போய், ஒரு லொறிக்குப் பின்னால் விலகி நின்று ஓடினேன். நொச்சியாகம வரை காட்டு ஓரம்; பொழுது படும் நேரத்தில் யானை வரும் வீதி. மெதுவாகப் போவதற்கு அதுவும் ஒரு நல்ல சாட்டு. தேங்காய் உருளுவது குறைந்தது. துள்ளுவது குறையவில்லை.

அநுராதபுரத்தில் தங்குகிறோம். அம்மா கஞ்சி மட்டும் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

இரண்டாம் நாள்: அநுராதபுரம் – சாவகச்சேரி

காலை ஆறு மணிக்கு, வண்டி அசைவதற்கு முன்னால், பஞ்சிகாவத்தைக் கருவியை எடுத்துக்கொண்டு நிலத்தில் குந்தினேன். முன்பக்கம் 41, 40. பின்பக்கம் 42, 38. சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருப்பது 230 கிலோபாஸ்கல், அதாவது 33 பி.எஸ்.ஐ. கூட இருந்தது மட்டுமில்லை, ஒரே அச்சில் இடமும் வலமும் நான்கு புள்ளி வித்தியாசம்.

காற்று கூடினால் ரயர் கல்லாகிவிடும். வீதியின் சின்ன மேடுகளை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டியது ரயரின் பக்கச்சுவர்தான். அது மடங்க மறுத்தால் எல்லாம் மேலே சஸ்பென்சனுக்குப் போகிறது. ரயரின் நடுப்பகுதி மட்டும் வீதியைத் தொடும், பிடி குறையும். உயரமான வண்டியில் இந்தத் துள்ளல் மேலே இருக்கும் தலைகளுக்கு இன்னும் பெரிதாகத் தெரியும். கூட அடித்தால் பாதுகாப்பு என்று நினைத்த பொடியனில் பிழையில்லை, பார்க்காமல் வந்த என்னில்தான். நான்கையும் 34இல் கொண்டுவந்து நிறுத்தினேன். ஆட்களும் சாமானும் இருப்பதால் ஒரு புள்ளி கூட. ஒன்றைச் சொல்ல வேண்டும்: இதைக் குளிர்ந்த ரயரில்தான் செய்ய வேண்டும். ஓடிய பிறகு சூட்டில் காற்று நாலைந்து புள்ளி ஏறித்தான் நிற்கும். அப்போது திறந்துவிட்டால் மறுநாள் காலை ரயர் சூம்பிப்போய் இருக்கும்.

உட்காரும் விதத்தையும் மாற்றினேன். நகரத்துக்குள் ஓடுகிற பழக்கத்தில் முதுகைச் சாய்த்து, கையை நீட்டி, ஸ்டியரிங்கின் உச்சியில் ஒரு மணிக்கட்டைப் போட்டு ஓடுகிறவன் நான். இருக்கையை இரண்டு பல் முன்னால் தள்ளி, முதுகை நிமிர்த்தி, மணிக்கட்டு ஸ்டியரிங் உச்சியில் படும்போது தோள் இருக்கையை விட்டுக் கிளம்பாதபடி வைத்தேன். முதுகின் அடிப்பள்ளத்துக்கு மனைவியின் சால்வையைச் சுருட்டி வைத்தேன். மலிவான வைத்தியம், ஆனால் கிளிநொச்சி வரை அந்த இடம் இருப்பதே தெரியவில்லை.

புறப்பட்டு முதல் மதகு. துள்ளல் வருமென்று காத்திருந்தேன். ஜீப் ஒரு முறை அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். டிக்கியில் சத்தமில்லை. "அப்பா, தேங்காய் செத்துப்போச்சா?" என்றாள் மகள்.

ரம்பாவையில் ஏ9 வீதி. மதவாச்சி, வவுனியா, ஓமந்தை. 2002இல் பாதை திறந்தபோது அப்பாவோடு ஒரு பழைய வான் வண்டியில் இதே வீதியால் வந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சொகுசு என்ற சொல்லே யாருக்கும் நினைவில் இருக்கவில்லை. வீதி இருந்ததே போதும். குழிக்கு விலகி, குழிக்குள் விழுந்து, செம்மண் தூசியில் ஒருவரை ஒருவர் தெரியாமல் வந்து சேர்ந்தோம். இன்றைக்கு நான் பி.எஸ்.ஐ. கணக்குப் பார்க்கிறேன். அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

புளியங்குளம் தாண்டி ஒரு கன்றுக்குட்டி. தாய் வீதியைக் கடந்துவிட்டது, கன்று யோசித்துக்கொண்டு ஓரத்தில் நின்றது. நான் ஹோர்ன் அடித்தேன், அது என் பக்கம் பாய்ந்தது. பிரேக்கை முழுசாக மிதித்து, நேராகவே பிடித்தேன். கை தானாக வலப்பக்கம் வெட்டப் பார்த்தது, வெட்டவில்லை. இந்த உயரத்து வண்டியைச் சட்டென்று ஒரு பக்கம் வெட்டி, உடனே மறுபக்கம் திருப்பினால் பாரம் முழுவதும் ஒரு ஓரத்து ரயர்களில் ஊசலாடும். டாஷ்போர்டில் வழுக்குகிற கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து ஒவ்வொரு சில்லாகப் பிடித்துக் காப்பாற்றப் பார்க்கும்தான். ஆனால் அம்மா பின்னால் இருக்கும்போது அதைச் சோதித்துப் பார்க்கும் ஆசை எனக்கில்லை. மூக்கு நிலத்தைப் பார்க்கக் குனிந்து, நின்றது. செத்துப்போன தேங்காய் உயிர்த்தெழுந்து மணைக்கட்டையில் மோதியது. கன்று எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்து போனது.

முறிகண்டியில் தேங்காய் உடைத்தோம். சரிபாதியாக உடைந்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம். ஏ9இல் போகிற எந்த வாகனமும் இங்கே நிற்காமல் போகாது. நின்றால் கச்சான் வாங்காமல் யாரும் ஏற மாட்டார்கள். இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு: கச்சான் என்றால் வேர்க்கடலை. மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கும் எங்களிடம் அதுதான் பெயர். இரண்டையும் அடுத்தடுத்து அனுபவிக்க வேண்டியிருந்தது.

பரந்தன் தாண்டினால் மரம் இல்லை. ஆனையிறவில் இரண்டு பக்கமும் வெறும் நீர், வெள்ளை வெளி, நடுவே வீதி. ஆடி மாதத்துக் கச்சான் காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்தது. ஜீப் என்பது காற்றுக்கு ஒரு சுவர். நகரத்தில் உயரமாக இருந்து பார்க்கப் பெருமையாக இருக்கிற அதே பக்கங்கள் இங்கே பாய்மரப் பாயாக விரிகின்றன. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒரு நூல் அளவு பிடித்துக்கொண்டே போனால் நேராகப் போகிறது. காற்று ஒரே சீராக அடித்தால் இது சிரமமில்லை. விட்டுவிட்டு அடிக்கும்போதுதான் வேலை. 70இலிருந்து 55க்கு இறங்கினேன். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே தள்ளுவது நன்றாகக் குறைகிறது. கையை இறுக்கிப் பிடிக்காமல் இரண்டு பக்கமும் சும்மா வைத்திருந்தால், வண்டி தானாகத் திரும்ப வருகிறது. நேற்று அந்தக் கல்லு ரயரோடு இதற்குள் வந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன்.

"ஆடிக் காத்துக்கு அம்மியும் பறக்கும். நீ என்ன, தகரம்" என்றார் அம்மா. கச்சான் உரித்துக்கொண்டே. நேற்றுக் கஞ்சி மட்டும் குடித்தவர்.

மூன்றாம், நான்காம் நாள்: சாவகச்சேரி

ஓடவில்லை. ஆடிக்கூழ், கொழுக்கட்டை, உறக்கம். மச்சான் வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்பக்க பம்பரை இரண்டு கையாலும் அமத்தி விட்டார். ஒரு முறை எழும்பி நின்றது. "ஷொக் நல்லா இருக்கு" என்றார். இரண்டு மூன்று முறை ஆடியிருந்தால் மாற்ற வேண்டுமாம். இவ்வளவு சுலபமான ஒன்றை வாங்கும்போது நான் செய்து பார்க்கவில்லை; இருக்கைத் துணியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஐந்தாம் நாள்: சாவகச்சேரி – மன்னார் – கொழும்பு

ஒரு தாயை வெறும் வண்டியோடு அனுப்பும் வழக்கம் சாவகச்சேரி இருக்கிற தென்மராட்சிப் பகுதியில் இல்லை. இரண்டு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம். (யாழ்ப்பாணத்து மாம்பழத்துக்குக் கொழும்பின் பெயர் ஏன் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள்.) முருங்கைக்காய்க் கட்டு, பனங்கட்டிக் குட்டான்கள், ஒடியல் மா, இரண்டு பாய், ஓர் அரிசி மூட்டை. டிக்கி நிறைந்ததும் மிச்சத்தை மேலே கரியரில் ஏற்றி மச்சான் கயிறு போட்டார். அரிசியும் மேலேதான் போனது. கீழே பாய்களும் முருங்கைக்காயும். யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

திரும்பும்போது பூநகரி வழி. நாவற்குழியில் திரும்பி, கேரதீவு, அப்புறம் சங்குப்பிட்டிப் பாலம். 2011இல் திறந்த பாலம். அதற்குப் பிறகுதான் இந்தப் பாதை எங்களுக்குக் கொழும்புப் பாதையானது. பாலத்தில் ஏறியதும் மேலே கயிறு 'ம்ம்ம்ம்' என்று ஊதத் தொடங்கியது. அதோடு வண்டியின் குணமும் மாறிவிட்டது. ஆனையிறவில் காற்று தள்ளியபோது பக்கவாட்டில் விலகியது; இப்போது தலை முதலில் சாய்ந்து, பிறகு உடம்பு வந்தது. சாய்ந்தால் நிமிர நேரம் எடுத்தது. குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும் தலையில் வைத்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

பூநகரியிலிருந்து தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம், காற்றும் வலப்பக்கம். எதிரே பஸ் வரும்போதுதான் விளையாட்டு. காற்றுக்கு எதிராக நான் வலப்பக்கம் பிடித்திருப்பேன். பஸ் பக்கத்தில் வந்ததும் அது காற்றை மறைத்துவிடும். பிடித்த பிடியில் ஜீப் பஸ்ஸை நோக்கிப் போகும். பதறி விட்டால், பஸ் கடந்த அடுத்த நொடி காற்று திரும்ப வந்து இடப்பக்க மணலுக்குத் தள்ளும். வெள்ளாங்குளத்துக்கு முன்னால் இரண்டாவது பஸ்ஸில் மனைவி, "என்னப்பா, நிப்பாட்டி எல்லாத்தையும் இறக்கி ஏத்துவம்" என்றாள். அவள் சொல்வதற்கு நான் காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு வேப்ப மரத்தடியில் முக்கால் மணித்தியாலம். அரிசி மூட்டையைக் கீழே இறக்கி, பின் இருக்கையின் முதுகோடு ஒட்டி, தரையில் வைத்தோம். அதற்கு மேல் மாம்பழப் பெட்டிகள், இடமும் வலமும் ஒவ்வொன்று. இடுக்குகளில் பனங்கட்டியும் மாவும். மேலே பாயும் முருங்கைக்காயும் மட்டும். கயிற்றை நேராக இழுக்காமல் இரண்டு முறுக்கு முறுக்கிக் கட்டினேன், முறுக்கினால் ஊதுவது குறையும். அரிசி வெறும் 25 கிலோ. மேலேயிருந்து கீழே வந்த அந்த 25 கிலோவுக்கு வண்டி வேறு வண்டியாகிவிட்டது. அடுத்த பஸ் கடந்துபோனதை அம்மா கவனிக்கவேயில்லை.

விடத்தல்தீவு தாண்டி, மன்னார்த் தீவுக்குள் போய் மீன் பொரியலோடு சாப்பிட்டோம். பாலத்தடியில் கழுதைகள் காற்றுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. தெற்குக் கரையில் காற்றாலைகள். 2020 டிசம்பரில் தொடங்கியது, 30 கோபுரங்கள், மொத்தம் 103.5 மெகாவாட். மகளுக்கு எண்ண ஒன்று கிடைத்தது. இந்தப் பக்கம் ஜீப் ஏன் தள்ளாடியது என்று விளங்கப்படுத்த இதைவிட என்ன வேண்டும்? நாட்டில் காற்று எங்கே கூட என்று அளந்து பார்த்துத்தானே அவற்றை அங்கே நட்டார்கள்.

முருங்கன், மடுச் சந்தி, மதவாச்சி. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நின்று, பிளேன்ரீ குடித்து, வண்டியை ஒருமுறை சுற்றி நடந்தேன். போகும்போது முதுகு வலித்த பிறகு நின்றேன். இப்போது வலிக்க முன்னால் நிற்கிறேன். அம்மா மதவாச்சியில் மணைக்கட்டையில் கால் வைத்து இறங்கி, இடுப்பைப் பிடிக்காமல் நேரே கடைக்குள் போனார். போன வருடம் அவர் நின்ற அதே இடம்தான் என்று மனைவிக்குக் கண்ணால் காட்டினேன்.

அநுராதபுரத்துக்குப் பிறகு இருட்டிவிட்டது. எதிர் விளக்குகளில் வேகத்தை 60க்கு மேல் ஏற்றவில்லை. முந்தவுமில்லை. பின்னால் பேச்சு நொச்சியாகமவில் நின்றது.

வெள்ளவத்தைக்கு வரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. எங்கள் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் கார்கள். கண்ணாடியை மடக்கிக்கொண்டு உள்ளே கொண்டுவந்து, எஞ்சினை நிறுத்தினேன். மகள் தூக்கக் கலக்கத்தோடு மணைக்கட்டையை எடுக்கப் போனாள். சத்தத்தில் அம்மா கண்ணைத் திறந்து வெளியே பார்த்தார்.

"புத்தளம் வந்திட்டுதோ தம்பி? தேசிக்காயை எடு" என்றார்.